உறைவிந்து: பொலிகுதிரையின் விந்தணுவுக்குக் குளிரில் என்ன ஆகிறது?

மாடு வளர்ப்பவர்களுக்குச் சினை ஊசி புதிதல்ல. பசு பருவத்துக்கு வந்ததும் ஆளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் வந்து கேனைத் திறந்து, வெண்புகை கிளம்ப மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்து, கருவியில் செருகிப் போட்டுவிட்டுப் போவார். அந்தக் குச்சிக்குள் இருப்பது உறைய வைத்த விந்து, அதாவது உறைவிந்து, வெறும் கால் மில்லி. இந்தியாவில் பின்பற்றும் அளவுப்படி அதில் சுமார் 2 கோடி விந்தணுக்கள் இருக்கும்.

இதே வேலையைக் குதிரைக்குச் செய்ய, வழக்கமாக அரை மில்லி குச்சிகள் 8 தேவைப்படுகின்றன. மொத்தம் சுமார் 80 கோடி விந்தணுக்கள். பசுவுக்குப் போடுவதைப் போல நாற்பது மடங்கு! அத்தனையும் போட்ட பிறகும், நேரம் சில மணி தவறினால் எல்லாம் வீண்.

ஏன் இப்படி? குதிரையின் விந்தணுவுக்கு உறைபனி அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை என்பது சுருக்கமான பதில். உருக்கிய பிறகு பாதி செத்திருக்கும் என்பது அதில் ஒரு பகுதிதான். பிழைத்துக்கொண்ட மீதிப் பாதியும் பழைய விந்தணு அல்ல. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துறுதுறுவென்று ஓடும். ஆனால் அதன் ஆயுள் நாட்களிலிருந்து மணிக்கணக்குக்குச் சுருங்கியிருக்கும். குதிரை உறைவிந்து பற்றிய மற்ற எல்லாமே, அதாவது செலவு, நள்ளிரவு ஸ்கேன், கூடுதல் குச்சிகள் எல்லாமே, இந்த ஒரு சுருக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

யாருக்கு இது தேவை?

ஜெர்மனியில் நிற்கும் பொலிகுதிரைக்கு பிரேசிலில் குட்டி பிறக்க வேண்டும் என்றால், குதிரை விமானம் ஏற வேண்டியதில்லை, குச்சிகள் ஏறினால் போதும். தடை தாண்டும் போட்டிகளில் ஓடும் குதிரையை சீசன் நடுவே இனப்பெருக்கத்துக்கென்று பிரித்து நிறுத்த வேண்டாம். போட்டி இல்லாத மாதங்களில் சேகரித்து வைத்துக்கொள்ளலாம். குதிரை இறந்து வருடங்கள் ஆன பிறகும் அதன் குட்டிகள் பிறந்துகொண்டிருக்கும். ஐரோப்பாவின் வார்ம்பிளட் இனங்கள், அமெரிக்காவின் குவார்ட்டர் ஹார்ஸ், ஸ்டாண்டர்ட்பிரெட் ஆகியவற்றின் வளர்ப்பில் செயற்கைக் கருவூட்டல் அன்றாட விஷயம்.

தரோபிரெட் பந்தயக் குதிரைகள் மட்டும் இதற்கு வெளியே நிற்கின்றன. அவற்றின் வம்சப் பதிவேட்டில் இடம் பெற வேண்டுமானால் நேரடி இணைசேர்க்கையில்தான் குட்டி பிறந்திருக்க வேண்டும். உறைவிந்து, குளிர்வித்த விந்து, எதுவும் செல்லாது. அதனால்தான் அயர்லாந்தில் வசந்தகால வேலையை முடித்த பொலிகுதிரையை விமானத்தில் ஏற்றி, ஆஸ்திரேலியாவின் வசந்தத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் வேலை வாங்குகிறார்கள். இந்தத் தடைக்கு உடலியல் காரணம் எதுவும் கிடையாது. ஒரு குதிரைக்கு வருடத்தில் இத்தனை குட்டிகள்தான் பிறக்க முடியும் என்ற வரம்பு இருக்கும்வரைதான் அதன் இணைசேர்க்கைக் கட்டணம் வானத்தில் நிற்கும். என் பார்வையில் இது சந்தையைக் காக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

ஒரு தவறான லேபிள்

குளிருக்கும் விந்தணுவுக்கும் உள்ள உறவை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் இத்தாலியின் லாசரோ ஸ்பல்லன்சானி. 1776இல் அவர் குதிரை விந்தைப் பனியில் வைத்துப் பார்த்தார். அசைவு நின்றது. சூடேற்றியதும் திரும்ப அசைந்தது. அதற்குமேல் போக ஏறக்குறைய 170 வருடங்கள் ஆயின.

லண்டன் மில் ஹில்லில் இருந்த ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். பலன் இல்லை. கொஞ்ச நாள் கழித்து குளிர்பெட்டியிலிருந்த பழைய புட்டியை எடுத்து மறுபடி முயன்றபோது, விந்தணுக்கள் உயிரோடு எழுந்தன. புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்துப் பார்த்தால் மறுபடியும் தோல்வி. மிச்சமிருந்த சில மில்லியைப் பரிசோதித்ததில், உள்ளே இருந்தது சர்க்கரையே அல்ல, கிளிசராலும் புரதமும் என்று தெரிந்தது. திசுக்களைக் கண்ணாடியில் ஒட்டப் பயன்படும் கரைசல் லேபிள் மாறி வந்திருந்தது. 1949இல் இது வெளியானது. மாடு, குதிரை, மனிதன் என்று இன்றைக்கும் உறைவிந்துத் துறை பெருமளவு அந்தக் கிளிசராலை நம்பித்தான் நடக்கிறது.

குதிரையில் முதல் வெற்றி 1957இல் கனடாவிலிருந்து வந்தது. பார்க்கர், காண்டியர் என்ற இருவர், பொலிகுதிரையின் விரையை ஒட்டிச் சுருண்டிருக்கும் எபிடிடிமிஸ் என்ற குழாயில் தேங்கியிருந்த விந்தணுக்களை எடுத்து உறைய வைத்து, உருக்கிச் செலுத்தி, ஒரு பெண் குதிரையைச் சினையாக்கினார்கள். மாட்டில் அதற்குள் இது தொழிலாகவே மாறத் தொடங்கியிருந்தது. குதிரையில் அந்த வேகம் வரவே இல்லை.

பழுது பார்க்கத் தெரியாத செல்

விந்தணு ஒரு வினோதமான செல். தலைக்குள் டிஎன்ஏ இறுக்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். தலையின் முன்பகுதியில் அக்ரோசோம் என்ற தொப்பி. கருமுட்டையைச் சுற்றியுள்ள தடித்த உறையைத் துளைக்க உதவும் நொதிகள் அதற்குள் இருக்கின்றன. கழுத்தை அடுத்த நடுப்பகுதியில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சுற்றிப் படிந்திருக்கும். பிறகு நீண்ட வால். இவை அனைத்தையும் போர்த்திக்கொண்டு மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று.

மற்ற செல்களுக்கு இருக்கும் பெரிய வசதி ஒன்று இதற்கு இல்லை. தோலில் ஒரு செல் அடிபட்டால், தேவையான புரதத்தைப் புதிதாகச் செய்து தன்னைத் தேற்றிக்கொள்ளும். முதிர்ந்த விந்தணுவால் அது முடியாது. பிறக்கும்போது கையில் கொடுத்துவிட்டதைக் கொண்டுதான் கடைசிவரை ஓட்ட வேண்டும். ஆகவே குளிரில் ஏற்படும் ஒவ்வொரு சேதமும் அப்படியே தங்கிவிடுகிறது.

சேகரிப்பதிலிருந்து குச்சி வரை

பொலிகுதிரையை மாதிரிக் குதிரை எனப்படும் மெத்தை சுற்றிய மரச்சட்டத்தின்மேல் ஏறப் பழக்கியிருப்பார்கள். பருவத்தில் உள்ள பெண் குதிரை ஒன்று பக்கத்தில் நின்றால் காரியம் சுலபம். வெந்நீர் நிரப்பிய இரட்டைச் சுவர்க் குழாயில் விந்து சேகரிக்கப்படும். காளையில் கிடைப்பது சில மில்லிதான், ஆனால் அடர்த்தி மிக அதிகம். குதிரையில் 50, 60 மில்லி, சில சமயம் 100 மில்லிகூட வரும். நீர்த்தது, போதாக்குறைக்கு ஜெல்லி போன்ற ஒரு பகுதியும் சேர்ந்தே வரும். அந்த ஜெல்லியை முதலில் வடிகட்டி எறிந்துவிடுவார்கள்.

அடுத்து, பாலை அடிப்படையாகக் கொண்ட நீர்த்தியோடு (விந்தோடு சேர்த்து அதை நீர்க்க வைக்கும் கரைசல்) கலந்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவார்கள். விந்தணுக்கள் அடியில் படியும். மேலே நிற்கும் விந்துத் திரவத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடுவார்கள். இந்தத் திரவம் இயற்கைச் சேர்க்கையில் உதவியானது. ஆனால் சேமிப்பு என்று வந்தால் விந்தணுவின் ஆயுளைக் குறைக்கிறது. நீக்கத்தான் வேண்டும். இதற்கான விலையைப் பிறகு பெண் குதிரையின் கருப்பை கொடுக்கும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

படிந்த விந்தணுக்களை உறைநீர்த்தியில் கலப்பார்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் சமையலறைப் பொருள்கள்தான். பால் புரதம், சர்க்கரை வகைகள், முட்டையின் மஞ்சள் கரு. மஞ்சள் கருவில் உள்ள கொழுப்புப்புரதம் விந்தணுவின் சவ்வோடு ஒட்டி அதைக் காக்கிறது. கூடவே சில சதவீதம் கிளிசரால். பிறகு குச்சிகளில் அடைத்து, பெயரும் தேதியும் அச்சிட்டு, மெல்லக் குளிர்விப்பார்கள்.

காளையின் ஒரு சேகரிப்பிலிருந்து சில நூறு சினை ஊசிகளுக்கான குச்சிகள் கிடைக்கும். குதிரையின் ஒரு சேகரிப்பில் பத்து தடவைக்குத் தேவையானது தேறினாலே நல்ல நாள். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

குளிர் செய்யும் சேதம்

பலர் நினைப்பதுபோலச் சிக்கல் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே தொடங்குவதில்லை. 20 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. சவ்வில் உள்ள கொழுப்புகள் உடல் சூட்டில் இளகி, ஒன்றோடொன்று நழுவிக்கொண்டிருக்கும். குளிர் ஏற ஏற, மார்கழியில் புட்டிக்குள் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, அங்கங்கே திட்டுத் திட்டாக இறுகும். எல்லாக் கொழுப்பும் ஒரே சமயத்தில் இறுகாது. இறுகிய திட்டுக்கும் இளகிய பகுதிக்கும் நடுவே விளிம்புகளில் ஓட்டைகள் விழும். அவற்றின் வழியாகக் கால்சியம் உள்ளே வரும், வேண்டிய பொருள்கள் வெளியே கசியும். இந்த இடைவெளியை அவசரமாகக் கடந்தால் விந்தணு வட்டமடித்து நீந்தும், பிறகு நின்றுவிடும். இதைக் குளிர் அதிர்ச்சி என்பார்கள். மனிதன், முயல் ஆகியோரின் விந்தணுச் சவ்வில் கொலஸ்ட்ரால் கூடுதல், அதனால் தாக்குப்பிடிக்கும். குதிரைக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. எனவே இந்தக் கட்டத்தை மட்டும் மிக நிதானமாக, நிமிடத்துக்கு ஒரு டிகிரியைவிட மெதுவாகக்கூட, கடப்பது உண்டு.

5 டிகிரிக்கு வந்த குச்சிகளைத் திரவ நைட்ரஜனின் மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் உயரத்தில், அதன் ஆவியில் கிடத்துவார்கள். 10 முதல் 20 நிமிடம். வசதியான இடங்களில் கணினி கட்டுப்படுத்தும் உறைவிப்பான் இதைச் செய்யும்.

இங்கேதான் பனிக்கட்டி வருகிறது. முதலில் உறைவது விந்தணுவுக்கு வெளியே இருக்கும் நீர். பனிக்கட்டி சுத்தமான நீரால் ஆனது, உப்பைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே உறையாமல் மிஞ்சும் நீரில் உப்பு அடர்ந்துகொண்டே போகும். அந்த உப்பு விந்தணுவுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும், விந்தணு சுருங்கும். மிக மெதுவாக உறைய வைத்தால், அடர் உப்பில் நெடுநேரம் கிடந்து சுருங்கிக் கெடும். மிக வேகமாக உறைய வைத்தால், நீர் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே பனிக்கட்டி உருவாகும். இந்த இரட்டைச் சிக்கலை 1972இல் பீட்டர் மேஜர் என்ற அமெரிக்க ஆய்வாளர் தெளிவாக வகுத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் தொழில் ரகசியம். கிளிசரால் இந்த நடுப்பாதையைச் சற்று அகலமாக்குகிறது. உறையாத திரவத்தின் பங்கைக் கூட்டி, உப்பு அடர்வதைத் தணிக்கிறது.

கிளிசராலும் முழுக்க நல்ல பிள்ளை அல்ல. அளவு கூடினால் விந்தணுவுக்கே நஞ்சு. அதன் மூலக்கூறு சவ்வின் வழியே மெதுவாகத்தான் நுழையும், மெதுவாகத்தான் வெளியேறும். அந்த இழுபறியில் விந்தணு சுருங்கி, வீங்கி, அலைக்கழியும். இதனால் பிரேசில் போன்ற நாடுகளில் கிளிசராலின் ஒரு பகுதிக்குப் பதிலாக மெத்தில்ஃபார்மமைடு, டைமெத்தில்ஃபார்மமைடு போன்ற சிறிய மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். கிளிசராலில் தேறாத சில குதிரைகளின் விந்து இவற்றில் தேறுகிறது.

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் போய்விட்டால் கவலை இல்லை. அங்கே எந்த வேதிவினையும் நடக்காது. நேற்று உறைந்ததும் முப்பது வருடத்துக்கு முன் உறைந்ததும் ஒன்றுதான். கேனில் நைட்ரஜன் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. கேனிலிருந்து குச்சியைத் தூக்கி லேபிளைப் படித்துவிட்டு, இது வேண்டாம் என்று திரும்ப உள்ளே விடுகிறார்களே, அந்தச் சில விநாடிகள்தான் ஆபத்து. அரை மில்லி குச்சி கழுத்துக்கு மேலே வந்தால் சட்டென்று சூடேறும். திரும்ப உள்ளே போகும்போது பனிப்படிகங்கள் வளர்ந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

உருக்குவதற்கு வழக்கமான அளவு 37 டிகிரி நீரில் 30 விநாடி. எடுத்ததும் குச்சியின் மேலிருக்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் நுனியை வெட்ட வேண்டும். ஒரு சொட்டு வெறும் நீர் உள்ளே போனால் போதும், அடர்ந்த கரைசலுக்குப் பழகிய விந்தணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கிவிடும்.

ஓடுகிறது, ஆனால்…

உருக்கிய விந்தில் முன்னோக்கி நீந்தும் விந்தணுக்கள் 30, 35 சதவீதம் இருந்தாலே விற்பனைக்கு ஏற்றது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நீந்தும் விந்தணுக்களின் நிலை என்ன?

முதலில் ஆற்றல். மனித விந்தணு பெரும்பாலும் சர்க்கரையை நேரடியாக உடைத்து ஓடும். குதிரையின் விந்தணு மைட்டோகாண்ட்ரியாவை நம்பி ஆக்சிஜனைக் கொண்டு ஓடும். நல்ல எஞ்சின்தான், ஆனால் புகை அதிகம். ஆக்சிஜனிலிருந்து உருவாகும் தீவிர மூலக்கூறுகள் சவ்வின் கொழுப்பை அரிக்கும். உறைந்து உருகிய மைட்டோகாண்ட்ரியாவில் இந்தக் கசிவு மேலும் கூடுகிறது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்று இதில் ஒரு முரணைக் காட்டியது. நன்றாகச் சினை பிடிக்க வைத்த பொலிகுதிரைகளின் விந்தணுக்களில்தான் இந்த ஆக்சிஜன் சேதத்தின் தடயங்கள் கூடுதலாக இருந்தன, உயிரோடிருந்தவற்றின் பங்கும் குறைவாக இருந்தது. சுறுசுறுப்பாக உழைக்கும் விந்தணு சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். கருவுறச் செய்யும் திறனுக்கும் மைக்ராஸ்கோப்பில் அழகாகத் தெரிவதற்கும் நேர்க்கோட்டு உறவு கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இரண்டாவது, முன்கூட்டியே பழுப்பது. இதுதான் மற்றதைவிட முக்கியம் என்பேன். புதிய விந்தணு உடனே கருமுட்டையைக் கருவுறச் செய்யாது. பெண் குதிரையின் கருக்குழாய்க்குள் போய், அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். கருமுட்டை வரும் வேளையில் சவ்வில் சில மாற்றங்கள் நிகழ்ந்து, கால்சியம் உள்ளே புகுந்து, அது ‘பழுத்து’ விடுபடும். உறைந்து உருகிய விந்தணுவில், ஓட்டை விழுந்த சவ்வின் வழியே கால்சியம் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். பழுத்த விந்தணுவில் காண்பது போன்ற மாற்றங்கள் குச்சியிலிருந்து வெளியே வரும்போதே பலவற்றில் தெரியும். கருக்குழாய்ச் சுவர்ச் செல்களோடு சேர்த்து வைத்து ஆய்வகத்தில் பார்த்தபோது, புதியவற்றைவிடக் குறைவாகவே இவை ஒட்டின. காத்திருக்கும் வேலை இவற்றுக்குச் சரிப்படாது. கருமுட்டை வரும்போது இவை தயாராக இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

மூன்றாவது அக்ரோசோம். இந்தத் தொப்பி வீங்கி, முன்பே உடைந்துவிட்டால் உள்ளிருக்கும் நொதிகள் வழியிலேயே சிந்திவிடும். வால் ஆடும், விந்தணு ஓடும், கருமுட்டையின் உறைக்கு முன்னால் போய் நிற்கும். உள்ளே நுழைய முடியாது. இதை ஓட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. நிலக்கடலையிலிருந்து எடுக்கும் ஒரு புரதம் அக்ரோசோமின் உட்புறத்தில் ஒட்டும் குணம் உடையது. அதோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்துக் கலந்தால், தொப்பி கிழிந்த விந்தணுக்கள் மட்டும் ஒளிரும். நம் ஊர்ப் பட்டாணிக் கடையில் கிடைக்கும் கடலைக்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

டிஎன்ஏ சேதம் உருக்கியவுடன் பெரிதாகத் தெரியாது. உடல் சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் புதிய விந்தைவிட வேகமாகத் துண்டுபடும். சரி, அப்படியானால் பிறக்கும் குட்டிக்கு ஏதாவது ஆகுமா? இந்தக் கேள்வியைத்தான் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்கிறார்கள். உறைவிந்தில் பிறந்த ஏராளமான குதிரைகள் போட்டிகளில் ஓடியிருக்கின்றன, குட்டி போட்டிருக்கின்றன. மற்றக் குட்டிகளிலிருந்து அவற்றைப் பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. உறைபனி கருவுறும் வாய்ப்பைக் குறைக்கிறது, கருவுற்றுப் பிறந்த குட்டியைக் கெடுப்பதில்லை. விந்து கொடுத்த பொலிகுதிரைக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை.

சில குதிரைகளுக்கு ஆகாது

எல்லாப் பொலிகுதிரையின் விந்தும் ஒரே மாதிரி உறைவதில்லை. நேரடிச் சேர்க்கையில் குறையே இல்லாத குதிரை, உறைவிந்தில் சுத்தமாகத் தோற்கலாம். கணிசமான குதிரைகள் இந்தக் கூட்டத்தில் விழுகின்றன. பரம்பரை, சவ்வின் கொழுப்புக் கலவை, விந்துத் திரவத்தின் புரதங்கள் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

ஆனால் பின்னணியில் ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. காளையைத் தேர்ந்தெடுக்கும்போது, விந்து நன்றாக உறையாவிட்டால் அந்தக் காளை நிலையத்திலிருந்தே வெளியே போய்விடும். பல தலைமுறையாக இப்படி வடிகட்டியதில், இன்றைய காளைகள் நன்றாக உறையும் காளைகளின் பேரன்களாக இருக்கின்றன. குதிரையை யாரும் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. எவ்வளவு உயரம் தாண்டுகிறது, எவ்வளவு அழகாக நடக்கிறது, இதுதான் கேள்வி. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய குதிரையின் விந்து உறையவில்லை என்றால், குதிரையை மாற்ற மாட்டார்கள், நீர்த்தியை மாற்றுவார்கள். தொடக்கத்தில் பார்த்த அந்த நாற்பது மடங்கு வித்தியாசத்தில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது.

பெண் குதிரையின் பக்கம்

புதிய விந்தணு பெண் குதிரையின் உடலுக்குள் சில நாட்கள், சமயத்தில் ஒரு வாரம் வரைகூட உயிரோடு இருக்கும். அதனால் இயற்கைச் சேர்க்கையில் நாள் சற்று முன்பின் ஆனாலும் சினை பிடிக்கும். உறைவிந்துக்கு இருப்பது ஏறக்குறைய 12 மணி நேரம், கொஞ்சம் நீண்டால் ஒரு நாள். மறுபக்கம், வெளியான கருமுட்டையும் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் நல்ல நிலையில் இருக்காது. இந்த இரண்டு குறுகிய காலமும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பெண் குதிரையின் பருவம் ஐந்து முதல் ஏழு நாள் நீளும். கருமுட்டை வெளியாவது அதன் கடைசி ஓரிரு நாட்களில். வெளியே நின்று பார்த்து நேரத்தைக் கணிக்க வழியில்லை. எனவே மருத்துவர் மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துச் சினைப்பையைப் பார்ப்பார். கருமுட்டை வளரும் நீர்க்கொப்புளம் 35 மில்லிமீட்டரைத் தாண்டி, கருப்பைச் சுவரும் வீங்கித் தெரிந்தால், கருமுட்டையைச் சீக்கிரம் வெளிவரச் செய்யும் ஹார்மோன் ஊசி போடுவார். எச்சிஜி என்றால் சுமார் 36 மணி நேரத்தில், டெஸ்லோரெலின் என்றால் சுமார் 40 மணி நேரத்தில் வெளியாகும். கடைசிக் கட்டத்தில் ஆறு மணிக்கு ஒருமுறை ஸ்கேன். இரவு இரண்டு மணி என்றாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும். கொப்புளம் உடைந்தது தெரிந்ததும் குச்சிகளை உருக்கிச் செலுத்துவார்கள். இப்படி விழித்திருக்க முடியாதவர்கள், ஊசி போட்ட 24ஆம் மணியில் ஒன்று, 40ஆம் மணியில் இன்னொன்று என்று இரண்டு தடவை செலுத்திவிடுவார்கள். குச்சி கூடுதலாகச் செலவாகும், தூக்கம் மிஞ்சும்.

செலுத்தும் இடத்திலும் ஒரு தந்திரம் உண்டு. நீளமான, வளையும் குழாயை, கருமுட்டை வெளியாகும் பக்கத்துக் கருப்பைக் கொம்பின் நுனி வரை கொண்டுபோய் விடுவது. தூரம் குறைவதால் குறைந்த விந்தணுக்களே போதும். விலை மிகுந்த, மிச்சம் சில குச்சிகளே உள்ள விந்தாக இருந்தால் இதைத்தான் செய்கிறார்கள்.

விந்துத் திரவத்தை நீக்கியதற்குக் கருப்பை கொடுக்கும் விலை என்று முன்பு சொன்னேனே, அதற்கு வருவோம். எந்த விந்தணு உள்ளே போனாலும் பெண் குதிரையின் கருப்பை அதை அந்நியப் பொருளாகப் பார்த்து வெள்ளணுக்களை அனுப்பும். தேவையற்ற விந்தணுக்களைத் துடைக்கும் இயல்பான ஏற்பாடு இது. ஒரு நாள், ஒன்றரை நாளில் அடங்கிவிடும். இயற்கைச் சேர்க்கையில் விந்துத் திரவத்தின் புரதங்கள் இந்தத் தாக்குதலை மட்டுப்படுத்தி, நல்ல விந்தணுக்களுக்கு வழிவிடும். உறைவிந்தில் அந்தத் திரவத்தைத்தான் சுற்றி எடுத்து எறிந்துவிட்டோமே! ஆக, அடர்த்தியான விந்தணுக் கூட்டம் பாதுகாப்பின்றிப் போய் விழுகிறது. அழற்சி கூடுதலாகலாம். வயதான, பல குட்டி போட்ட குதிரைகளின் கருப்பை இந்தக் கழிவுநீரை வெளியே தள்ளத் திணறும். நீர் தேங்கினால் ஐந்து, ஆறு நாளில் கருக்குழாயிலிருந்து இறங்கி வரும் கரு அதில் பிழைக்காது. அதனால் செலுத்திய சில மணி நேரத்திலிருந்து மறுநாளுக்குள் ஸ்கேன் செய்து, தேவைப்பட்டால் உப்புநீரால் கழுவி, ஆக்சிடோசின் ஊசி போட்டுக் கருப்பையைச் சுருங்க வைப்பார்கள்.

இத்தனையும் ஒழுங்காக நடந்தால், ஒரு பருவச் சுழற்சிக்கு 40 முதல் 50 சதவீதம் சினை பிடிப்பது நல்ல நிலையங்களில் சாதாரணம். நல்ல பொலிகுதிரையின் புதிய விந்தில் 60ஐத் தாண்டும். நடுவில் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியலாம். என் கணிப்பில், அதில் பாதிக்கு மேல் விந்தணுவின் குறை அல்ல, கவனிப்பின் குறை. முதல்முறை உறைவிந்து முயல்பவர் பழைய, மூன்று வருடமாகச் சினை பிடிக்காத குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவதும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. இளம், ஆரோக்கியமான பெண் குதிரையைக் கொண்டு தொடங்குவதே காசுக்கு நல்லது.

குச்சி வாங்கும்போது நோய்ச் சான்றிதழையும் பார்க்க வேண்டும். திரவ நைட்ரஜன் விந்தணுவைக் காப்பது போலவே கிருமியையும் காக்கும். குதிரைத் தமனி அழற்சி வைரஸ் சில பொலிகுதிரைகளின் விந்தில் வருடக்கணக்கில் வெளிப்படும், குதிரை ஆரோக்கியமாகவே தெரியும். 1977இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் கண்டறியப்பட்ட தொற்றுக் கருப்பை அழற்சியின் பாக்டீரியாவும் இப்படிப் பரவக்கூடியது.

ஒரே ஒரு விந்தணு

உறைவிந்தின் கணக்கையே மாற்றியது, விந்தணுவை நுண்ணூசியால் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறை. இதில் ஓட்டமும் வேண்டாம், அக்ரோசோமும் வேண்டாம். டிஎன்ஏ முழுதாக இருந்தால் போதும். குச்சியை நைட்ரஜனுக்கு உள்ளேயே ஒரு துண்டு வெட்டி, அந்தத் துண்டை மட்டும் உருக்கிப் பல கருமுட்டைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். செத்துப்போன பொலிகுதிரையின் கடைசிச் சில குச்சிகள் இப்படிப் பல வருடங்களுக்கு நீளும். வேடிக்கை என்னவென்றால், மனிதர்களில் எப்போதோ சாதாரணமாகிவிட்ட, கிண்ணத்தில் விந்தணுவையும் கருமுட்டையையும் சேர்த்துவிடும் சோதனைக்குழாய் முறை குதிரையில் நெடுங்காலம் கைகூடவே இல்லை. குதிரை விந்தணுவை ஆய்வகத்தில் சரியாகப் பழுக்க வைக்கத் தெரியவில்லை. 2022இல்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், விந்தணுக்களை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கத் தனிக் கரைசலில் ஊறவைத்து, திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய வழியைக் காட்டினார்கள்.

இந்தியாவில் இந்த வேலை ஹிசாரில் தலைமையிடம் கொண்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில் நடக்கிறது. 2024இல் அங்கே ராஜ் ஹிமானி என்ற பெண் குட்டி பிறந்தது. உறைவிந்தால் உருவான கருவை வெளியே எடுத்து, அதையும் உறைய வைத்து, பிறகு வாடகைத் தாயான இன்னொரு குதிரைக்கு வைத்துப் பிறந்த குட்டி அது. மார்வாரி, சான்ஸ்காரி போன்ற நம் இனங்களின் எண்ணிக்கை சரிந்துவருவதுதான் இந்த முயற்சிகளுக்குப் பின்னணி.

கழுதையிடம் வந்தால் இத்தனை அறிவும் தடுமாறுகிறது. ஆண் கழுதையின் உறைவிந்தைப் பெண் குதிரைக்குச் செலுத்தினால் சினை பிடித்துக் கோவேறு கழுதை பிறக்கிறது. அதே விந்தைப் பெண் கழுதைக்குச் செலுத்தினால் சினை பிடிப்பது மிகக் குறைவு. ஒரே சேகரிப்பு, ஒரே கிளிசரால். மாறியது கருப்பை மட்டும். பெண் கழுதையின் கருப்பை உறைவிந்துக்குக் காட்டும் அழற்சி கடுமையானது, கிளிசராலும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சந்தேகிக்கிறார்கள். பிரான்சின் புவாத்து முதல் குஜராத்தின் ஹலாரி வரை, அருகிவரும் கழுதை இனங்களின் விந்தை வங்கியில் சேர்க்க நினைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. கிளிசராலைக் குறைத்துப் பார்க்கிறார்கள், வேறு மூலக்கூறுகளை மாற்றிப் பார்க்கிறார்கள், முன்பு சுற்றி எடுத்து எறிந்த விந்துத் திரவத்தை, உருக்கிய பிறகு திரும்பச் சேர்த்தும் பார்க்கிறார்கள்.